மேலே என்ன வேலை?

மலையுச்சிக் கோயிலுக்கு மணல் சுமக்கும் கழுதைக்கு அன்று விடுமுறை. வேங்கை பூத்திருந்த மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. புதிதாக வெட்டிய பாதையில் ஒருவன் தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறிவந்தான்.

கழுதைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவனா உன்னைச் சுமக்கிறான்?" என்று சைக்கிளைக் கேட்டது.

"செங்குத்தான இடத்தில் மட்டும். இறங்கும்போது நான் அவனைச் சுமப்பேன்."

"மேலே என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. இறங்கத்தான் ஏறுகிறோம்."

கழுதை இன்னும் குழம்பியது. அவர்கள் உச்சிக்கு ஏறிப் போனார்கள். சற்று நேரத்தில் அவன் கூவிச் சிரிக்க, இருவரும் புழுதி பறக்கக் கீழே பாய்ந்து போனார்கள்.

"பைத்தியங்கள்!" என்று சொல்லிக் கழுதை புல்லில் வாய் வைத்தது. புல் ருசிக்கவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏனென்று தெரியாமலேயே, வெறும் முதுகோடு மலையேறத் தொடங்கியது.