இர்மாவுக்காக ஒரு கூச்சல்

"கிஸ்கா! கிஸ்கா!" என்று ஊரே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

கத்தாமல் எப்படி? கிஸ்காவை வளர்க்கிற இர்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. நாய்கள் பாரம் இழுக்கும் இந்தப் போட்டியிலோ நாயைத் தொடக் கூடாது, தீனி காட்டக் கூடாது. எதிர்க்கோட்டில் நின்று கூப்பிட்டுத்தான் வரவழைக்க வேண்டும்.

"அவளுக்குக் குரல் இல்லைன்னா என்ன, நமக்கு இருக்கில்ல?" என்றாள் பார் நடத்துகிற ஃப்ளோ. அலாஸ்காவிலேயே எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் பெரிய தொண்டை. எல்லாரும் கத்த ஆரம்பித்தோம்.

சறுக்கு வண்டி நிறைய நாய்த்தீனி மூட்டைகள். அரை டன் இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். கிஸ்காவோ நின்ற இடத்திலேயே நின்றது. காதை இந்தப் பக்கம் திருப்பும், அந்தப் பக்கம் திருப்பும், எங்களையே பார்க்கும்.

இன்றைக்கு இழுக்காவிட்டால் நாயைக் கொடுத்துவிடுவதாக இர்மா சொல்லியிருந்தாள். "என் பேச்சைக் கேக்காத நாயைக் கட்டி வச்சு என்ன பண்ணப் போறேன்?"

வாங்கிக்கொள்ள லாய்ட் தயார். அந்த நாய் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். போதாததற்கு, போட்டியில் மிச்சமிருப்பதே இர்மாவும் அவனும்தான். அவன் நாயும் இந்த எடையில் நின்றுவிட்டது. கிஸ்காவும் நின்றுவிட்டால், போன சுற்றில் வேகமாக இழுத்த கணக்கில் கோப்பை அவனுக்கு.

"இன்னும் சத்தமா" என்றாள் ஃப்ளோ. கத்தினோம்.

அப்போதுதான் லாய்ட் தன் லாரி மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் வாயை மூடுங்கய்யா!"

அடப்பாவி.

"யோவ், கோப்பையும் வேணும், நாயும் வேணுமா உனக்கு?" என்றாள் ஃப்ளோ.

"மூடுன்னா மூடு."

யாரோ எறிந்த பனி உருண்டை அவன் கன்னத்தில் வெடித்தது. துடைக்கக்கூட இல்லை, இடித்தபுளி மாதிரி நின்றான். கத்துவதை மறந்து எல்லாரும் அவனை முறைத்தோம்.

கோட்டுக்கு அப்பால் இர்மா பனியில் மண்டி போட்டாள்.

"வாடி, என் தங்கம்."

காற்றுதான். ஆனால் எங்களுக்கே கேட்டது. கிஸ்காவின் இரண்டு காதும் அவள் பக்கம் நிமிர்ந்தன.

தலையைத் தாழ்த்தியது. தோளைக் கொடுத்தது. வண்டி நறநறவென்று பனியைவிட்டுக் கிளம்பி, ஓரடி, இரண்டடி... கத்த வேண்டும் போல நெஞ்சை முட்டுகிறது, ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மணி அடிக்கக் கொஞ்சமே இருக்கும்போது கோட்டைத் தாண்டிவிட்டது.

அப்புறம் போட்டோம் பாருங்கள் ஒரு கூச்சல்! தொப்பிகள் பறந்தன. முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தேன்.

ஃப்ளோ நேராக லாய்டிடம் போனாள். "பாத்தியா? நீ குறுக்கே விழுந்தும் எங்க கிஸ்கா ஜெயிச்சிருச்சு."

அவன் தன் நாயை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

இர்மா கோப்பையோடு வந்தாள். நாங்கள் நீட்டிய கைகளையெல்லாம் தாண்டிப் போய் லாய்டின் கையைப் பிடித்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க எல்லாரும் வாயை மூட வேண்டியிருந்தது.

"இந்த ஊர்லயே எனக்காகக் கத்தினது நீ ஒருத்தன்தான், லாய்ட்."