திருப்பும்போது மட்டும் ஒரு சத்தம்

"ஜன்னலை இறக்கிவிட்டுட்டு, போனைப் பக்கத்து சீட்ல வை. ம்... இப்ப மெதுவா இடது பக்கம் திருப்பு."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாப்பாட்டு மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து கணகணவென்று ஒரு சத்தம் வந்து நின்றது. சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். வந்துவிட்டாள் நாத்தனார், தன் ஓட்டை வண்டியைத் தூக்கிக்கொண்டு.

மாமியார் போன பிறகு மாமனார் பேச்சையே விட்டிருந்தார். ஊரில் பாதி வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய மனிதர். ஒர்க்‌ஷாப் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கேட்டால் ஒரு "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். இப்படியே போனால் மனுஷன் மாமியார் பின்னாலேயே கிளம்பிவிடுவார் என்று மருமகளுக்குப் பயம். புருஷனிடம் சொன்னால், விடு, தானாகச் சரியாகும் என்பான். இந்த வீட்டில் எதுதான் தானாகச் சரியாகியிருக்கிறது? ஒழுகும் குழாய்கூட ஆகவில்லை.

இந்த லட்சணத்தில்தான், வெளியூரில் தனியாக இருந்து வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். வண்டியைத் திருப்பும்போது சத்தம் வருகிறதாம், அப்பாவிடம் கொடுங்கள் அண்ணி என்றாள். மாமனார் வேண்டாவெறுப்பாக போனை வாங்கி, நேராகப் போனால் வருகிறதா என்று ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, கிரீஸ் தெறித்திருக்கிறதா, வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா என்று மூச்சு விடாமல் விசாரித்தார். ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கும், மாற்றிவிடு என்று முடித்தார்.

மாற்றினாளாம். சத்தம் போகவில்லையாம். அதற்கப்புறம் சாயங்காலமானால் போன்தான். ஒரு நாள் கடகட, ஒரு நாள் டொக் டொக். பேரிங்கைப் பார்க்கச் சொன்னார், சஸ்பென்ஷனைப் பார்க்கச் சொன்னார், வீல் நட்டை இறுக்கச் சொன்னார். எல்லாம் செய்தாளாம், மறுநாள் வேறு சத்தமாம். மருமகளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஊரில் மெக்கானிக்கே கிடையாதா? துக்கத்தில் இருக்கிற மனிதரை இப்படியா படுத்துவது? சாப்பிட்டீங்களா அப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "மாமா, அந்த வண்டியை வித்துத் தொலைக்கச் சொல்லுங்க. நீங்க ஏன் தினம் இதோட மல்லுக்கட்டறீங்க?"

மாமனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நானும் அவளும் என்னிக்கும்மா நேரா பேசியிருக்கோம்? எதுவா இருந்தாலும் அவங்கம்மா வழியாத்தான். இப்ப வண்டியை விட்டா எங்களுக்குப் பேச என்ன இருக்கு?"

அன்றைக்கு அவர், இன்னும் கொஞ்சம் போடும்மா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. போன் வந்த நாளெல்லாம் தட்டு காலியாகத்தான் திரும்பியிருக்கிறது.

அன்றிலிருந்து அவள் கட்சி மாறிவிட்டாள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் ஒருத்தன் இருக்கிறான் என்று புருஷன் ஆரம்பித்தபோது, உங்க வேலையைப் பாருங்க என்று அடக்கியதே அவள்தான். கடவுளே, அந்த வண்டி சரியாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். சரியாகிவிட்டால் இவர் மறுபடி அந்த நாற்காலிக்கே போய்விடுவாரே என்ற பயம்.

இன்று மாமனார் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கம் திருப்பு என்றார், இன்னும் மெதுவாக என்றார். ஒவ்வொரு தடவையும் சத்தம் வந்தது. பிறகு கண்ணைத் திறந்து, போதும், நிறுத்து என்றார்.

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும், குட்டிமா."

மருமகளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. போச்சு, கண்டுபிடித்துவிட்டார். இனி நாளைக்கு எதற்குப் போன் வரும்?

"நிஜமாவாப்பா?" என்றாள் நாத்தனார். சந்தோஷப்பட வேண்டியவளின் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "அப்ப... இனிமே சத்தம் வராதா?"

மாமனார் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"முதல்லயே சொல்லியிருக்கணும். எவர்சில்வர் டம்ளர்ல நட்டைப் போட்டுக் குலுக்கினா கணீர்னு கேக்குதும்மா, எந்த வண்டியும் அப்படிச் சத்தம் போடாது. நாளைக்குக் கூப்பிடறப்ப பழைய பால்பவுடர் டப்பாவுல போட்டுக் குலுக்கு."