வழி மறந்த எலி

மல்லாவியில், நெற்கதிர் அடிக்கும் சூட்டுக்களத்தில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருக்கும் விமலேஸ்வரி, களிமண்ணால் குட்டிச் சுவர்கள் எழுப்பி, வளைந்து வளைந்து போகும் பாதையொன்று கட்டியிருக்கிறாள். போன கிழமை நெல் வைத்த மூலைக்குத் தடுமாறாமல் ஓடிய கிழட்டு எலி, இன்றோ முதலாவது திருப்பத்திலேயே மீசை நடுங்க நிற்கிறது. பக்கத்து வயல் தவராசா மண்வெட்டியை ஓங்குகிறார். விமலேஸ்வரியின் தகப்பனார் வீரகத்தி, காலமெல்லாம் எலி அடித்த கையால் அந்தப் பிடியைப் பற்றுகிறார்.

“அடியாதை தவராசா. வயசு போனா ஏன் வழி மறக்குது எண்டு என்ர மகள் இதை வச்சுத்தான் ஆராயிறா.” களத்தின் மறுகரைக்கும் கேட்கும்படியாகத்தான் சொல்கிறார்.

தவராசா குந்தியிருந்து எலியையே பார்க்கிறார். “என்னைப் பெத்த ஐயாவும் எங்கட வீட்டுப் படலையடியில, உள்ள வர வழி தெரியாம இப்பிடித்தான் நிக்கிறார், பிள்ளை.” மண்வெட்டியை ஓரமாக வைக்கிறார். பிறகு எழுந்து, அந்தக் களிமண் பாதைக்கு முன்னால், கோயில் வாசலில் மரியாதைக்குச் செய்வதுபோல, தோளில் கிடந்த துவாயை எடுத்து அரையில் கட்டிக்கொள்கிறார்.