ஒருமுறைதான் திறக்கும்

ஆஸ்திரேலியாவில் நாங்கள் வேலை செய்யும் ஷெப்பர்டன் ஆப்பிள் தோட்டத்துத் தகர அறையில் இருந்தவர்கள்: மாகா அண்ணன், நான், அவன் மடிக்கணினி.

எங்கள் தீவு நாடான டோங்காவில் அம்மா சாகும்முன் எங்களுக்காகப் பேசிய வீடியோவின் இணைப்பை மருத்துவமனை எனக்கு அனுப்பியிருந்தது. ஒருமுறைதான் திறக்கும். சேர்ந்து பார்க்கலாமென்று, திறக்காமலே அண்ணனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

அவன் அழுத்தினான். ‘ஏற்கெனவே பார்க்கப்பட்டது’ என்று வந்தது.

“தனியா பாத்துட்டியாடா, செல்லப்புள்ள?”

“அம்மா மேல சத்தியமா இல்லண்ணே.”

“அப்ப இது யாரு?”

இணைப்புக்குக் கீழே அம்மாவின் படம். ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தாள்.

அதை நான் சேர்க்கவில்லை. இணைப்பை ஒட்டியதுமே, முன்னோட்டப் படம் காட்டுவதற்காக மின்னஞ்சலே வீடியோவைத் திறந்துவிட்டிருக்கிறது. சொன்னேன்.

“மெஷின் பாத்துச்சாம்! வெளிய போடா.”

என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.