மருந்துக்கடைத் திருப்பம்

அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கார் ஹேண்ட் பிரேக்கோடு ஓடிக் கருகல் வாடை அடித்தது.

"இறக்கிட்டு ஓட்டுங்க சார்," என்றார் மெக்கானிக்.

"இறக்கிட்டுத்தான்யா கிளம்புறேன்! மருந்துக்கடைத் திருப்பத்துல பார்த்தா, ஏறி நிக்குது."

போன மாதம் அதே திருப்பத்தில்தான் மனைவி, "நெஞ்சை என்னமோ பண்ணுது, கொஞ்சம் நிறுத்துங்களேன்," என்றாள். "கடை திறக்கணும், சாயங்காலம் பாத்துக்கலாம்," என்று இவர் அழுத்தி மிதித்தார். சாயங்காலம் அவள் இல்லை.

மெக்கானிக்கைப் பார்த்த மறுநாள், அதே திருப்பத்தில் பிரேக் ஏறி வண்டி இழுத்ததும் ஓரங்கட்டினார். "நிறுத்திட்டேம்மா," என்றார். பக்கத்துக் கதவு திறந்தது. பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் பிரேக் மேலே வரவேயில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரே பிரேக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்.