பள்ளத்துக்கு வந்த திட்டம்

ஒரு காட்டில் சாணவண்டு போகிற வழியில் ஒரு பள்ளம் இருந்தது. தினமும் அதன் உருண்டை அதில் விழுந்துவிடும். அந்தக் காட்டின் திட்ட அலுவலரான கீரியிடம் போய், "பள்ளத்தை மூடிக் குடுங்க" என்றது.

ஒன்பது காடுகளின் பேரவை அனுப்பிய வளர்ச்சித் திட்டத்தைக் கீரி புரட்டிப் பார்த்தது. "மூடுறதுக்கு இதுல வழி இல்லையேப்பா. குளம் வெட்டத்தான் இருக்கு. குளம்னே எழுதிடறேன். ஆள் வரட்டும், அவங்களை வெச்சு மூடிக்கலாம்."

ஆறு பெருச்சாளிகள் வந்தன. "எங்களுக்குத் தோண்டத்தான் உத்தரவு" என்று பள்ளத்தை மூன்று மடங்கு ஆழமாக்கிவிட்டுப் போயின. பார்வையிட வந்த பேரவைக் கொக்குக்கு மிகவும் திருப்தி. ஐந்து வருஷத்துக்கு யாரும் இதை மூடக் கூடாது என்று பலகை நட்டது.

"அடுத்த திட்டத்துல பாலம் வருதாம். உனக்கு ஒண்ணு எழுதிடறேன்" என்றது கீரி. வண்டு வேறு வழி பார்த்துக்கொண்டது.

மறு மாதம் அந்தப் புது வழியில் ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்தது. அதன் மேலேயே ஏறி நின்று கீரி அக்கறையாகக் கேட்டது: "குறை ஏதாவது இருந்தா சொல்லுப்பா."

"ஒண்ணுமில்லீங்க" என்ற வண்டு, கல்லைச் சுற்றி உருண்டையைத் தள்ளிக்கொண்டு போயிற்று.