வெள்ளியின் சுருதி

"எல்வுட்டோட மிஷினை எதுக்கு நோண்டறீங்க?"

கூடாரத்துக்குள் நுழைந்து நான் கேட்டதும் நோரீன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையில் எல்வுட்டின் மெட்டல் டிடெக்டர். திரையில் சத்தத்தை மாற்றும் பக்கம் திறந்திருந்தது.

மெட்டல் டிடெக்டரால் மண்ணைத் துழாவிப் பழைய காசு தேடும் எங்கள் ஹியூரான் ஏரிக்கரைச் சங்கத்தின் வருடாந்திரப் போட்டிக்கு இன்னும் பத்து நிமிடம்தான். மைதானத்தில் புதைத்து வைத்திருக்கும் அறுபது வெள்ளிக் காசுகளில் யார் அதிகம் எடுக்கிறார்களோ, அவருக்குக் கோப்பை. ஐந்து வருடமாக அது எல்வுட்டுக்குத்தான் போகிறது. ஐந்து வருடமாக இரண்டாவது இடம் நோரீனுக்கு. நான் நடுவர்.

மிஷினை வாங்கிப் பார்த்தேன். இரும்பு என்றால் கட்டைக்குரல், வெள்ளி என்றால் உச்சத்தில் ஒரு கீச்சொலி. எல்வுட் வருடக்கணக்காக அப்படித்தான் வைத்திருந்தார். இப்போது வெள்ளியின் சுருதி மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"வெள்ளி மேல மிஷின் போனாலும் குப்பைன்னு நினைச்சுத் தாண்டிடுவார்னு கணக்கா?"

"அப்படி இல்லை, கர்ட்."

"பின்னே எப்படி?"

நோரீன் கூடார வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இப்ப அவர்கிட்ட எதுவும் சொல்லாதே," என்றார். "முதல் அஞ்சு நிமிஷம் பாரு. ஒரு வெள்ளிகூட அவர் எடுக்கலேன்னா, நீயே போய் நிறுத்தி பழையபடி மாத்திடு. முடிஞ்சதும் என் பேரை அடிச்சிடு. சங்கத்தை விட்டே தூக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் எல்வுட் காபியோடு உள்ளே வந்துவிட்டார். எழுபத்தாறு வயது. முப்பது வருடம் காகித ஆலை இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர்.

"என்ன நோரீன், இந்த வருஷமும் எனக்குப் பின்னாடி நின்னு போட்டோ எடுத்துக்க வந்துட்டியா?"

"வந்துட்டேன். உங்க தொப்பியால என் முகத்தை மறைக்காம இருந்தா சரி."

எல்வுட் சிரித்தபடி மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

விசில் ஊதினேன். கண் முழுக்க எல்வுட் மேல்தான். அவர் ஒரு டப்பா மூடியைத் தோண்டினாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இரண்டாவது நிமிடம் மண்டியிட்டார். எழுந்தபோது விரல் நுனியில் வெள்ளி. நாலடி போய் மறுபடி மண்டியிட்டார். மறுபடி வெள்ளி. விசில் என் உதட்டிலேயே நின்றுவிட்டது.

கடைசியில் எண்ணினோம். எல்வுட் இருபத்தொன்று. நோரீன் பத்தொன்பது.

"மிஷின் இன்னைக்கு என்னமாப் பாடிச்சு," என்றார் எல்வுட், கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "எழுபத்தாறு வயசு. காதைப் பாருங்க, கத்தி மாதிரி இருக்கு. நோரீன், நீ வீட்டுக்குப் போய் உன் காதைக் கழுவு."

எல்லோரும் கைதட்டினார்கள். நோரீன் விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார். தானே ஜெயித்த மாதிரி முகமெல்லாம் பெருமை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நோரீனிடம் போய் நின்றேன்.

"இப்பவாவது சொல்லுங்க."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் ரெண்டு பேரும் ஏரிக்கரையில தேடிட்டிருந்தோம். அவர் மிஷின் வெள்ளிக்குக் கீச்சுன்னு கத்துது. பத்தடி தள்ளி நிக்கிற எனக்குக் கேக்குது. அவர் பாட்டுக்குத் தாண்டிப் போறார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கட்டைக்குரலுக்கெல்லாம் டக்குன்னு நிக்கிறார். மேல் சத்தம் மட்டும் அவர் காதுல ஏறவே இல்லை. அதான் வெள்ளியை அவருக்குக் கேக்கிற அளவுக்குக் கீழே இறக்கி வச்சேன்."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அன்னைக்கே மிஷினை வித்துட்டு வீட்ல உட்கார்ந்துடுவார். அவரைத் தெரியாதா உனக்கு?"

தெரியும். கீழே இருந்த கடைசிப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தேன்.

"பேசாம விட்டிருந்தா, கோப்பை இன்னைக்கு உங்க வீட்டுக்குப் போயிருக்குமே?"

நோரீன் வண்டியின் பின்கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"காது கேக்காத மனுஷனை ஜெயிச்சு, அந்தக் கோப்பையை எங்கே கொண்டுபோய் வைக்கிறது, கர்ட்?"